புஹாரி நானா பேசாத பகல்

பதுளை பஸாரில் புஹாரி நானாவின் துணிக்கடைக்குள் சும்மா எட்டிப் பார்க்க நுழைந்தவர்கள் யாரும் சும்மா வெளியே வந்ததில்லை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் நமுனுகுலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் பெண்கள், பிள்ளைக்கு ஒரு ரிப்பன் வாங்கலாம் என்று படியேறி, கையில் சேலைப் பொட்டலத்தோடு படியிறங்குவார்கள். துணி நல்ல துணிதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதை விற்றது நானாவின் வாய்.

"தங்கச்சி, இந்த ராமர் பச்சைய உடுத்திக்கிட்டு நாளைக்கு விடிய பெரட்டுல போய் நில்லு. கங்காணி பேர் கூப்பிடவே மறந்துருவாரு, பாரு!"

"போங்க மொதலாளி" என்று அந்தப் பெண் சிரிப்பாள். சிரித்துவிட்டால் முடிந்தது. அடுத்த நிமிடம் சேலை மடிந்து, காகிதம் சுற்றி, நூல் கட்டியாகிவிடும்.

கடைப் பலகை திறக்கும்போது தொடங்குகிற பேச்சு, தொழுகைக்கு நிற்கும் நேரத்தில் மட்டும்தான் நிற்கும். அதுவும் தொழுகைக்குள் பேசக்கூடாது என்று சட்டம் இருப்பதால். சாப்பிடும்போது பேசுவார், சவரம் செய்துகொள்ளும்போது பேசுவார். தூக்கத்தில்கூட இரண்டு கஜம் கிழித்துக் கொடுத்திருக்கிறார் என்று மனைவி ஸுலைஹா சொல்வதுண்டு.

இப்பேர்ப்பட்ட வாய்க்குள் ஒரு ரகசியம் இருந்தது. மேல்வரிசைப் பல் முழுதும் கட்டின பல். மகள் நபீலாவின் கல்யாணத்துக்கு முன்பு, சரக்கெடுக்கக் கண்டிக்குப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டுப் போய், பல்லோடு திரும்பினார். இரவில் அது கட்டிலுக்குக் கீழே ஒரு கோப்பைத் தண்ணீரில் கிடக்கும். ஸுலைஹாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. "கடைக்காரனுக்குப் பல்லுதான் போர்ட்டு. போர்ட்டு விழுந்த கடைக்கு எவன் வருவான்?" என்று அவளிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்திருந்தார்.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்து, கடைகளில் துணி வந்து குவிந்த காலம். பண்டாரவளையில் ஒரு கடையைக் குத்தகைக்குப் பிடித்து, 'காமில் ஸ்டோர்ஸ்' என்று போர்ட்டும் எழுதி வைத்திருந்தார் நானா. காமில் என்பது மருமகன். போர்ட்டில் பெயர் ஏறிய சங்கதி அந்த மருமகனுக்கே தெரியாது என்பதுதான் விசேஷம்.

காமிலுக்கு ஊர் திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கம். "மாப்பிள்ளைக்கு வெள்ளைக்காரங்களோட வேலை" என்று தரகர் சொன்னதும், நானாவின் மனதில் மேசை, மின்விசிறி, டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன. கல்யாணம் முடிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றி, ஒரு சின்னத் தீவுக்குக் கொண்டுபோய், தண்ணீருக்குள் இறக்கி, மீன் காட்டுகிறவர்.

"மீனப் புடிக்கலாம், விக்கலாம், ஆக்கித் திங்கலாம். காட்டுறதாம்! அது ஒரு தொழிலா?"

அப்போதே சம்பந்தியிடம் பேசினார். "உங்க ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குத்தானே வரணும்? வரட்டும், நான் கடை வச்சுக் குடுக்கிறேன்" என்றார். சம்பந்தி நல்ல மனிதர். "ஒரு வருஷம் போகட்டும். அதுக்குப் பிறகு நீங்க சொல்றதுதான்" என்று வாக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் மவுத்தாகிவிட்டார். வாக்கு மட்டும் இருந்தது. வருஷமும் முடிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் படங்கு விவகாரம் வந்தது. பதுளையிலிருந்து திருகோணமலைக்கு மரக்கறி ஏற்றிப் போகும் லொறிக்கார ஜெயராசா ஒரு நாள் கடை வாசலில் நின்று, "நானா, நபீலா தங்கச்சி ஒரு படங்கு கேட்டிச்சு. நீங்க வாற நேரம் கொண்டு வரட்டாம். கனமா, கயிறோட வேணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் பனியிலும் செடியிலும் உடுப்பு நனையாமல், கிழியாமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் கனத்த துணிதான் படங்கு. பதுளையில் இதைச் சின்னப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. நானா கடையை அரைக்கதவில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"ஸுலைஹா! கேட்டியா கூத்த? என் மகள் படங்கு கட்டுறா!"

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"படங்கு எதுக்குக் கட்டுவாங்க? பதுளைக்காரனப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது? எங்கேயோ வெயில்ல வேலைக்கு அனுப்பிட்டான். இனி ஒரு பேச்சும் இல்ல. போறேன், கடைச் சாவிய மருமகன் கையில வைக்கிறேன், ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வாறேன்."

ஸுலைஹா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "போவோம். ஆனா முதல்ல பாருங்க, பிறகு பேசுங்க. ஒரு நாளைக்காவது வாயத் தொறக்காம இருக்க முடியுமான்னு பாருங்க" என்றாள். அதை நானா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து திருகோணமலைக்குப் போனார்கள். மலைப்பாதை பஸ்ஸில் பயணம் செய்வதில் தன்னை அடிக்க ஆளில்லை என்பது நானாவின் எண்ணம். வழியெல்லாம் முன் சீட்டுக்காரர், பின் சீட்டுக்காரர் எல்லாருக்கும் பாடம் நடந்தது. வளைவு வந்தால் மலைப்பக்கம் சாய வேண்டும், பள்ளத்துப் பக்கம் சாயக்கூடாது. வயிற்றைப் புரட்டினால் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காது அடைத்தால் மூக்கை இறுக்கிப் பிடித்து உள்ளேயே ஊத வேண்டும். "கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போற ஒவ்வொரு தரமும் பெரகல இறக்கத்தில எனக்கு இந்தக் காது டப்புன்னு அடைக்கும். ஒரு ஊது ஊதினா சரி" என்று செய்தும் காட்டினார். தம்புள்ளை தாண்டி மலையே இல்லாத சமவெளிக்கு வந்த பிறகும் பாடம் முடியவில்லை.

நபீலா வாசலுக்கே ஓடி வந்தாள். கறுத்திருந்தாள். பதுளைக் குளிரில் வளர்ந்த முகத்தில் வெயில் ஏறியிருந்தது. நானாவின் கண் அதில்தான் போய் நின்றது. ஆனால் அவள் கண்ணில் இருந்த வெளிச்சம் கடையில் உட்கார்ந்து பில் எழுதிய காலத்தில் இருந்ததில்லை. அதை அவர் அன்றைக்குக் கவனிக்கவில்லை. படங்கை வாங்கிக் கையில் பாரம் பார்த்தாள். "நல்ல படங்கு வாப்பா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வைத்தாள்.

சாப்பாடு முடிந்ததும் நானா இடுப்பு வாரின் பையில் கைவிட்டுச் சாவியைத் தொட்டுக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். நபீலா முந்திக்கொண்டாள்.

"வாப்பா, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு எங்களோட தீவுக்கு வாங்க. அங்க வச்சுச் சொல்லுங்க. பார்த்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ, அதுக்கு நாங்க ரெண்டு பேரும் கட்டுப்படுறோம்."

காமில் ஒதுங்கி நின்றிருந்தான். கூச்சக்காரன், பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவன். "என்ட வாப்பா உங்களுக்குக் குடுத்த வாக்கு மாமா. நான் மீறமாட்டன்" என்றான்.

வாக்கை அவர்களே கொண்டுவந்து கையில் கொடுக்கும்போது ஒரு பகல் பொறுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நானா சாவியை விட்டுக் கையை எடுத்தார்.

மறுநாள் காலையில் கடல் நல்ல அமைதி என்றான் காமில். அவன் அளவுக்கு அமைதி. படகு முதல் அலையில் ஏறி ஒரு பக்கம் சரிந்ததும் நானாவுக்குள் இருந்த மலைநாட்டு பஸ் பிரயாணி விழித்துக்கொண்டார். மறுபக்கம் பாய்ந்து சாய்ந்தார். படகு அந்தப் பக்கம் சரிந்தது. திரும்ப இந்தப் பக்கம் பாய்ந்தார்.

"மாமா, நடுவில இருங்க! நடுவில இருங்க!"

"மலைப்பக்கம் எது? மலைப்பக்கம் எதுன்னு சொல்லு!" என்று கத்தினார் நானா. சுற்றிவர ஒரு பக்கமும் மலை இல்லை. ஸுலைஹா பாதி நனைந்து, படகின் விளிம்பை ஒரு கையாலும் கணவரின் சட்டையை ஒரு கையாலும் பிடித்திருந்தாள்.

பிறகு வயிற்றைப் புரட்டியது. தூரத்துக் கரையைப் பாருங்கள், தலையை நிமிர்த்துங்கள் என்று காமில் சொன்னான். தலையைக் குனிந்து கண்ணை மூடினால்தான் சரிவரும் என்று பாதி இலங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் எப்படிக் கேட்பார்? குனிந்தார், கண்ணை மூடினார். தீவின் அருகே நங்கூரம் போட்டு படகு நின்ற இடத்தில் ஆடத் தொடங்கியதும், காலையில் சாப்பிட்ட இடியப்பம் முழுதும் கடலுக்குப் போனது.

இடியப்பம் மட்டும் போகவில்லை. வாய்க்குள் திடீரென்று இடம் கூடிவிட்டது தெரிந்தது. கண்ணைத் திறந்தார். தெளிந்த தண்ணீரில் வெள்ளையாக ஒன்று ஆடி ஆடிக் கீழே இறங்கிப் பாறைகளுக்கு இடையில் மறைந்தது.

நானா வாயை மூடிக்கொண்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்து மூக்குக்குக் கீழே சுற்றினார். ஸுலைஹாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அவளுக்கு அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

அந்தத் தீவை ஊரார் புறாமலை என்று சொல்கிறார்கள். நமுனுகுலைச் சிகரத்தைப் பார்த்து வளர்ந்தவரிடம் காட்டி மலை என்று சொல்ல வெட்கப்பட வேண்டிய அளவுதான். இரண்டு பாறைக் குன்று, நடுவே கொஞ்சம் பற்றைக்காடு, உடைந்த பவளத் துண்டுகள் கொட்டிக் கிடக்கும் சின்னக் கரை. இதைப் பற்றி நல்ல பகிடி ஒன்று நானாவின் நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறக்க முடியாது. பகிடி செத்தது. வெயில் பற்றி ஒன்று, காமிலின் படகு பற்றி ஒன்று, அதுவும் வந்து அங்கேயே செத்தது. பண்டாரவளைக் கடையைப் பற்றி இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு மட்டும் உள்ளே முழுதாக, உயிரோடு, வெளியே வர வழியில்லாமல் கிடந்தது.

ஒரு பூவரச நிழலில் போய் உட்கார்ந்தார். "நங்கூரம் சரியா விழுந்திச்சா எண்டு பாத்திட்டு வாறன்" என்று காமில் தண்ணீருக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கரையில் நின்ற ஸுலைஹாவிடம் ஏதோ சொன்னான். ஸுலைஹா தலையாட்டிச் சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைப்பது போலிருந்தது. மாமியாருக்கு ஆறுதல் சொல்கிறான் போலிருக்கிறது என்று நானா நினைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு வேலையும் இல்லை. பேசவும் முடியாது. வேறு வழியில்லாமல் அவர் கேட்கத் தொடங்கினார். அலை வந்து பவளத் துண்டுகளின்மேல் விழுந்து திரும்பும்போது கிலுகிலுவென்று ஒரு சத்தம். பாறை இடுக்கில் புறாக்கள் குனுகும் சத்தம். அவ்வளவுதான். பஸ் ஹோர்ன் இல்லை, விலை கேட்பார் இல்லை. தன் குரல் இல்லாத இடத்தில் இவ்வளவு நேரம் அவர் இருந்ததேயில்லை. முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு, அதை யாரிடமும் சொல்லமாட்டார், கொஞ்சம் சுகமாக இருந்தது.

நபீலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாப்பா, பயணம் ஒத்துக்கல்லியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"கோவமா?"

இல்லை என்று ஆட்டினார்.

"உங்கள நான் இப்பிடிப் பார்த்ததே இல்ல. பேசாம இருக்காதீங்க வாப்பா, பயமா இருக்கு. ஏசணும்னா ஏசிடுங்க." அவள் குரல் உடைந்தது. பிறகு பைக்குள்ளிருந்து படங்கை எடுத்தாள். "இத எதுக்குக் கேட்டேன் தெரியுமா? நான் வந்து ஒரு வருஷம். ஒவ்வொரு நாளும் உங்க மருமகன் வந்து கீழ அது இருந்திச்சு, இது இருந்திச்சுன்னு சொல்லுவாங்க. நான் ஒரு நாளும் எறங்கினதில்ல. தண்ணிக்குள்ள போனா உடுப்பு மேல மிதந்து வருது வாப்பா. வெக்கம். முழங்காலோட நின்னுட்டு வந்துருவேன். ஒரு நாள் நம்ம கடைக்கு வாற தோட்டத்து அக்காமார் ஞாபகம் வந்திச்சு. எவ்வளவு காத்தடிச்சாலும் படங்கு கட்டினா சேலை அசையாதே. அதான்."

எழுந்து நின்று நீளச் சட்டைக்கும் சிலுவாருக்கும் மேலே படங்கைச் சுற்றி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் கட்டுவது போலவே, முடிச்சை இடது பக்கம் ஒதுக்கிக் கட்டினாள்.

"நீங்க எப்பிடியும் வரத்தான் சொல்லுவீங்க. அதுக்கு முன்ன இன்னைக்கு ஒரு தரமாவது பார்த்துட்டு வாறேன். பிறகு பண்டாரவளைக்கு வந்து உக்காந்துக்கிறேன்."

நானா அந்த முடிச்சையே பார்த்தார். வெயிலில் வேலைக்கு அனுப்புகிறான் என்று எவ்வளவு திட்டியிருக்கிறார்! ஆத்திரத்தோடு சுருட்டிக் கொண்டுவந்த படங்கு அது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் பல் வேண்டும்.

அவர் எழுந்தார். காமிலின் கையில் இருந்த நீர்க்கண்ணாடியைக் காட்டி, பிறகு தன் முகத்தைக் காட்டினார். உள்ளுக்குள் கணக்கு என்னவோ வேறு: இறங்கினால் பல்லைத் தேடலாம், மகளுக்கும் ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்.

"மாமா, நீங்களா? நீந்துவீங்களா?"

பதுளு ஓயாவில் அவர் போட்ட ஆட்டங்களை வாயால் சொல்ல முடியாததால், சாரத்தை மடித்துக் கோவணமாக இழுத்துச் செருகிக் காட்டினார். சாவி கிடந்த வாரை அவிழ்த்து ஸுலைஹாவிடம் கொடுத்தார். அவள் சாவியை எடுத்துச் சேலைத் தலைப்பில் ஒரு பக்கம் முடிந்துகொண்டாள். இன்னொரு பக்கத்தில் ஏற்கனவே ஒரு முடிச்சு இருந்தது. அதிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. சில்லறையாக இருக்கும் என்று நினைத்தார்.

கண்ணாடியை மாட்டிவிட்டு, மூச்சு விடும் குழாயை நீட்டினான் காமில். அதைப் பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும். நானா துவாயை அவிழ்க்காமல் நின்றார். காமில் முதுகைக் காட்டி அவரை மற்றவர்களிடமிருந்து மறைத்து நின்றுகொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"பல்லுப் போடாட்டியும் ஒண்டும் இல்ல மாமா. உதட்டால இறுக்கிப் பிடிச்சாத் தண்ணி வராது. என்ட வாப்பாவும் கடைசியில அப்பிடித்தான்."

நானா அவனைப் பார்த்தார். அந்தப் பையன் முகத்தில் சிரிப்பு இல்லை. துவாயை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தார். குழாயை உதட்டால் பிடித்தார்.

ஜெயராசா கொடுத்த பழைய லொறி டியூப் ஒன்றை ஊதி வைத்திருந்தான் காமில். ஒரு பக்கம் நபீலா, ஒரு பக்கம் நானா, இருவரும் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க, அவன் இழுத்துக்கொண்டு நீந்தினான். நானா மனதுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.

வைத்தவர் பல்லைத்தான் தேடினார். சத்தியமாகத் தேடினார். ஆனால் அடியில் கிடந்த உடைந்த பவளத் துண்டு ஒவ்வொன்றும் பல் போலவே இருந்தது. ஆயிரம் பேர் வாயைக் கொட்டினாலும் அவ்வளவு பல் தேறாது. எதை என்று பார்ப்பது? பார்த்துக்கொண்டே போனவரின் கண்ணுக்கு முன்னால் ஒரு பச்சை மீன் வந்து நின்றது.

முப்பது வருஷமாக நிறத்தோடு புழங்குகிற மனிதர் அவர். ராமர் பச்சை, கிளிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு, வாடாமல்லி என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து உருவிக் கொடுப்பார். இந்தப் பச்சைக்கு அவரிடம் பெயர் இல்லை. அது திரும்பியதும் ஊதாவாகி, விலாவில் செம்மஞ்சள் கோடு விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்தது, எல்லாம் மஞ்சள். பவளம் மான் கொம்பு போலக் கிளைவிட்டுக் கிடந்தது, சில இடத்தில் நீலம், சில இடத்தில் இளஞ்சிவப்பு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் விலை கேட்கவில்லை. இவ்வளவையும் விரித்துப் போட்டுவிட்டு, வாங்கு என்றும் சொல்லாமல், யாரோ சும்மா இருக்கிறார்கள். பின்னாட்களில் பதுளைக் கடையில் சேலையை விரித்துப் பிடித்தபடி அவர் சில நேரம் பேச்சை மறந்து நின்றதற்கும், "என்ன மொதலாளி, பேச்சக் காணோம்?" என்று தோட்டத்துப் பெண்கள் கேலி செய்ததற்கும் இதுதான் காரணம்.

காமில் மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போனான். நானாவுக்கும் ஒரு ஆசை வந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றி இறங்கினார். பாதியில் காது டப்பென்று அடைத்து வலித்தது. பெரகல இறக்கம்! மூக்கை இறுக்கிப் பிடித்து ஊதினார். காது திறந்தது. பஸ்ஸில் எத்தனையோ பேருக்குக் கொடுத்த பாடம், கடைசியில் தனக்கே பிரயோசனப்பட்டதில் தண்ணீருக்குள்ளும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடியில் மணல் வரை போய் அண்ணாந்து பார்த்தார். மேலே வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவர் மகள் மிதந்துகொண்டிருந்தாள். ஒரு கை டியூபில், ஒரு கை விரித்தபடி. பதுளைச் சாக்குக் கடையில் அவர் வாங்கிய படங்கு இடுப்பில் இறுக்கமாக, ஒரு நூல் அசையாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆமை, அவசரமில்லாமல், அவளைச் சுற்றிக்கொண்டு போனது. நபீலா அதைக் காட்டி, கீழே நின்ற வாப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைப் படியில் நின்று ஆட்டுவாளே, அதே மாதிரி.

அப்போது நானாவுக்குத் தெரிந்துபோயிற்று. இந்தப் பிள்ளையைப் பண்டாரவளையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைக்கத் தன்னால் முடியாது. ஒருவன் இதைக் காட்டுகிறான் என்றால் அது தொழில்தான். அல்லாஹ் படைத்து வைத்ததை இன்னொருவருக்குக் காட்டுவதைவிட வேறு என்ன தொழில் இருக்கிறது? பல் விழாமல் இருந்திருந்தால் படகிலேயே தீர்ப்பைச் சொல்லி முடித்திருப்பார். அந்தப் பல் விழுந்ததற்காக, தண்ணீருக்கு அடியில், மூச்சு முட்டுகிற நேரத்தில், அவர் மனமார நன்றி சொன்னார்.

மேலே வந்து மூச்சை இழுத்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்திருந்தது. அது கடல் தண்ணீர் அல்ல என்பது அவருக்குத் தெரியும்.

கரையில் நபீலா படங்கோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். ஈரம் சொட்டியது. முகம் முழுக்கச் சந்தோஷம், அதன்மேல் பயம். காமில் அவளுக்கு ஒரு அடி பின்னால் நின்றான்.

"இனிச் சொல்லுங்க வாப்பா. நான் பார்த்துட்டேன். நீங்களும் பார்த்துட்டீங்க."

நானா துவாயைத் தேடவில்லை. மகள், மருமகன், ஸுலைஹா மூன்று பேருக்கும் முன்னால், வெறும் ஈறோடு, வாயைத் திறந்தார். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார்.

"கடை வேணாம், மகள். நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. நான் அந்த வாக்கத் திருப்பித் தந்துட்டேன். இந்தப் படங்கக் கொண்டு வாற நேரம் நான் என்னென்ன நெனச்சேன்... அத மன்னிச்சிரு."

சொன்னதில் பாதி எழுத்து காற்றாகத்தான் போயிருக்கும். ஆனால் ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்காமல் போகவில்லை. நபீலா வாப்பாவின் வாயைப் பார்த்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. வாய் பொத்திச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அவரைக் கட்டிக்கொண்டாள். "இதுக்குத்தானா இவ்வளவு நேரமும் பேசல்ல? நான் செத்துப் பிழைச்சேன் வாப்பா!"

காமில் கிட்ட வந்து மாமாவின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்தான். அவன் வாயால் சொல்லாததும் அந்த நேரம் நானாவுக்கு நன்றாக விளங்கியது.

"ஸுலைஹா, சாவிய ஊருக்குப் போய்க் கடைச் சொந்தக்காரர்ட்ட குடுத்துரணும். போர்ட்ட தட்டுக்குப் பலகையாப் போட்டுக்கலாம்" என்றார் நானா. பிறகு பெருமூச்சு விட்டார். "அந்தப் பல்லுதான்... இவ்வளவு தேடியும் கெடைக்கல்ல."

காமில் திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தான். "மாமி, நீங்க குடுக்கல்லியா?"

ஸுலைஹா சேலைத் தலைப்பின் ஒரு முடிச்சை அவிழ்த்துச் சாவியை வெளியே எடுத்தாள். இன்னொரு முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, கழுவித் துடைத்து, ஒரு கீறலும் இல்லாமல், கண்டியில் கட்டிய பல் இருந்தது.

"எப்பயிருந்து வச்சிருக்க?" என்று கேட்டார் நானா.

"நீங்க அந்த நிழலில போய் உக்காந்த நேரத்திலிருந்து. மருமகன் உடனே எடுத்துக்கொண்டு வந்து தந்துட்டார், உங்களுக்கு வெக்கமாப் போகும்னு என்கிட்ட. நான்தான் குடுக்கல்ல."

"ஏன்?"

"குடுத்திருந்தா பேசியிருப்பீங்க."

நானா அவளைப் பார்த்தார். கல்யாணம் செய்த நாளிலிருந்து தன் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள். முதலில் பாருங்கள், பிறகு பேசுங்கள் என்று அரிசி புடைத்துக்கொண்டே சொன்னவள். தான் காதில் போட்டுக்கொள்ளாததை அவள் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோபம் வருமென்று அவள் காத்திருந்தது தெரிந்தது. அவருக்கு வந்தது கோபம் அல்ல. அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னார். இந்தப் பெண்ணைக் கொடுத்ததற்கு, இந்தப் பிள்ளையைக் கொடுத்ததற்கு, இந்தப் பகலைக் கொடுத்ததற்கு.

ஸுலைஹா பல்லை நீட்டினாள்.

அவர் அவள் விரல்களை மடக்கி அதை அவள் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார்.

"நீயே வச்சிரு. நான் இன்னொருக்காக் கீழ போய்ட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார்.